பெரியப்பாவின் ஹெரால்டும் இரண்டு பிறை வாஷரும்

சேலையூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1964 மாடல், இரண்டு கதவு, ஒரு காலத்தில் வெளிர் பச்சையாக இருந்த வண்டி. அதன் இன்ஜினை நானே பிரித்து நானே கட்டினேன். கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. ஓட ஆரம்பித்து 400 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைக் கழற்ற வேண்டியதாயிற்று. காரணம், பிறைச் சந்திரன் வடிவத்தில் இருக்கும் இரண்டு சின்ன வாஷர்கள். அவற்றைத் திருப்பிப் போட்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் போகிற வழியில் வருவது.

வண்டி பெரியப்பாவுடையது. சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு வேப்பமரத்தடியில் 1992லிருந்து நின்றது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தபோது, "காயலான் கடைக்காரன் நாளைக்கு வரான்டா, எதாவது வேணும்னா கழட்டிக்கோ" என்று போன் செய்தார். ஹாரனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். திரும்பும்போது முழு வண்டியையும் டோ பண்ணிக்கொண்டு வந்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. அதுவரை நான் கழற்றிய பெரிய பொருள் மிக்ஸி மோட்டார்.

ஹெரால்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்த கார் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிச்செலோட்டி. இங்கே மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இதைச் செய்து விற்றது. தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். நாலு சிலிண்டர், 948 சிசி. சிலிண்டரின் அகலம் (போர்) 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 76. இன்றைக்கு ரோட்டில் போகும் சில பைக்குகளின் இன்ஜின் இதைவிடப் பெரியது.

வீட்டில் வேலை பழக இதைவிடத் தோதான கார் கிடைக்காது என்பது என் கட்சி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு. முழுதாக முன்பக்கம் சாய்ந்துவிடும். சாய்த்துவிட்டால் இன்ஜின் மூன்று பக்கமும் வெளியே தெரியும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம், திண்ணையில் உட்கார்ந்த மாதிரி. கியர்பாக்ஸுக்குத் தனி மூடி காருக்குள்ளேயே இருக்கிறது. சீட்டைத் தூக்கிவிட்டு மூடியைக் கழற்றினால் உள்ளிருந்தே எடுத்துவிடலாம்.

சரி, இன்ஜின் சுற்றவில்லை. முப்பது வருஷம் நின்றதில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. இப்படி ஒட்டிய இன்ஜினை ஊறவைக்காமல் ஸ்டார்ட்டர் போட்டோ வண்டியைத் தள்ளியோ சுற்றவைக்கப் பார்க்காதீர்கள், ரிங் உடைந்து சுவரைக் கிழித்துவிடும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த நாலு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். தினமும் காலையில் இட்லி வேகிற நேரத்தில் கொஞ்சம் ஊற்றுவது, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுவது. ஒன்பதாவது நாள் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு இன்ச் நகர்ந்தது. பத்தாவது நாள் முழுச் சுற்று.

அடுத்து சம்பின் டிரெயின் பிளக்கைத் திறந்தேன். முதலில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர், அதற்குப் பிறகுதான் தார் மாதிரி ஆயில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சிட்லபாக்கத்தில் வண்டி பாதி மூழ்கி நின்றது நினைவுக்கு வந்தது. சும்மா ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம் என்று பேட்டரி மாட்டியிருந்தால் அந்தத் தண்ணீர்தான் பேரிங்குக்கெல்லாம் போயிருக்கும்.

இன்ஜினை இறக்க செயின் பிளாக்கும் இரும்புப் பைப்பில் செய்த முக்காலியும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். போர்ட்டிகோ கூரையின் ஃபேன் ஹூக்கில் தொங்கவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்த ஹூக் ஃபேனுக்காகப் போட்டது.

பிரிப்பது சுலபம், ரொம்ப சுலபம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியங்கள் சில உண்டு. வால்வைத் திறக்க உதவும் எட்டு புஷ்ராடையும் ஒரு அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகச் செருகினேன். அவற்றுக்கு அடியில் உட்காரும் டாப்பட்டுகளுக்கு முட்டை அட்டை. குழிக்கு ஒன்று, அதிலும் எண். ஒவ்வொரு டாப்பட்டும் தன்னைத் தூக்குகிற கேமோடு சேர்ந்து தேய்ந்திருக்கும், ஆளை மாற்றினால் இரண்டும் கெடும். பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் பேரிங் கேப், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கேப் எல்லாவற்றிலும் சென்டர் பஞ்ச்சால் புள்ளி வைத்தேன், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. போல்ட்டுகளை இட்லி மாவு வாங்குகிற மாதிரி சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சீட்டு எழுதினேன். போனில் 640 போட்டோ எடுத்தேன். இந்த 640 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் கட்டுகிற வேலையில் கட்டுவது கொஞ்சம்தான், பாதிக்கு மேல் கழுவுவது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்து கிலோ பனியன் வேஸ்ட், மூன்று வயர் பிரஷ், டீசல் கணக்கே இல்லை. அம்மா பாத்திரம் தேய்க்க வைத்திருந்த ஸ்டீல் நார் மாயமானதற்கு இன்றுவரை நான் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகர மூடிகள் இருக்கும். கோர் பிளக் என்பார்கள். பின்பக்க மூடியைத் தட்டி எடுத்தேன். உள்ளே தண்ணீர் ஓட வேண்டிய இடம் இருக்கும் என்று பார்த்தால் செங்கல்தான் இருந்தது. நாலாவது சிலிண்டரைச் சுற்றித் துருவும் சேறும் இறுகிப்போய், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கட்டியாக உடைந்து விழுந்தது. துணி உலர்த்தும் கம்பியை வளைத்து, முனையைத் தட்டையாக அடித்து, ஓட்டை வழியாக விட்டுச் சுரண்டினேன். மூன்று மாலைப்பொழுது. அள்ளிப்போட்டதில் ஒரு டீ டம்ளர் நிறைந்து வழிந்தது. பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"திண்டிவனம் தாண்டினா கொதிக்கும்டா. ரேடியேட்டரை மூணு தடவை மாத்தினேன்" என்றார்.

ரேடியேட்டரில் ஒன்றும் குறை இருந்திருக்காது. சேறு பின்னால் உட்கார்ந்திருக்க, பாவம், முன்னால் இருந்ததை மாற்றிக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் கொதித்தால் முதலில் கடைசி சிலிண்டருக்குப் பக்கத்து கோர் பிளக்கை எடுத்துப் பாருங்கள். புது மூடி விலை அற்பம்.

கழுவி முடித்தபின் அளவெடுப்பது. கிண்டிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறை. அதன் மேஸ்திரிக்கு எழுபது வயதிருக்கும். பிளாக்கை ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய் இறக்கி, "ஐயா, இருபது தௌ ஓவர்சைஸ் போர் போட்டுடுங்க" என்றேன். ஓவர்சைஸ் போர் என்றால், தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. ஓர் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றுதான் தௌ. பட்டறை பேச்சில் எல்லாம் தௌதான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிலிண்டரின் மேல் விளிம்பில் விரலை விட்டுத் தடவினார். ரிங் ஏறி இறங்கும் இடம் தேய்ந்து, அதற்கு மேல் தேயாத பகுதி படி மாதிரி நிற்கும். அந்தப் படியில் அவர் நகம் தட்டி நின்றது.

"பிஸ்டன் எங்க தம்பி?"

"இன்னும் வாங்கலை. நீங்க போர் போட்டதும்…"

"பிஸ்டனைக் கொண்டா. அப்புறம் போர்."

"இருபதுதான் வாங்கப் போறேன் ஐயா."

"வாங்கப் போறது வேற, கைல இருக்கிறது வேற. போ."

கோபம்தான் வந்தது. அடுத்த ஆறு வாரம் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தபிறகுதான் புரிந்தது. 948 சிசிக்கு இருபது தௌ செட் ஒரு கடையிலும் இல்லை. கடைசியில் ஜி.பி. ரோட்டில், இப்போது பைக் சாமான் மட்டும் விற்கும் ஒரு கடையின் பரணில், செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ் பெட்டி ஒன்று கிடைத்தது. லேபிள் மங்கிப்போயிருந்தது. உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நாலு பிஸ்டன், முப்பது தௌ. அன்று அவர் என் பேச்சைக் கேட்டு இருபதுக்கு அறுத்திருந்தால், இல்லாத பிஸ்டனுக்கு ஒரு பிளாக் தயாராகியிருக்கும்.

பிஸ்டன்களைக் கொண்டுபோனதும் மேஸ்திரி நாலையும் தனித்தனியாக மைக்ரோமீட்டரில் அளந்தார். பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பின்னுக்குக் குறுக்கே, பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டில். நாலும் ஒரே அளவில்லை. துளி வித்தியாசம் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் எண் எழுதி, அந்தந்த சிலிண்டரை அந்தந்த பிஸ்டனுக்கு ஏற்றபடி கல்லால் தேய்த்து ஹோன் செய்தார். அந்த வேலைக்கு அவர் வாங்கியது மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. கிராங்கைப் பார்த்ததும், மெயின் பேரிங்கில் சுற்றும் பகுதியான மெயின் ஜர்னலை விட்டுவிட்டார். ராட் மாட்டும் ஜர்னல்கள் நாலில் இரண்டு முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தன. அவற்றை இருபது தௌ குறைத்து, அதாவது அண்டர்சைஸாக, கிரைண்ட் செய்து கொடுத்தார். அண்டர்சைஸ் பேரிங்கை, நல்ல வேளை, முன்பே வாங்கி வைத்திருந்தேன். பாடம் ஏறியிருந்தது.

இங்கே ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். போர் போட்ட பிளாக்கை ஐப்பசி மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். களைப்பு, காலையில் பார்க்கலாம் என்று மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போனேன். இரவு நல்ல மழை. காலையில் பளபளவென்றிருந்த சிலிண்டர் சுவரில் காவி படிந்திருந்தது. ஒரே இரவு! லேசான துருதான், நைலான் நாரும் ஆயிலும் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர் போட்டு, வெள்ளைத் துணியில் தடவினால் கறுப்பு வராத அளவு கழுவி, உடனே ஆயில் பூசி, பெரிய பிளாஸ்டிக் பையால் கட்டிவைத்தேன். வெள்ளைத் துணிச் சோதனை முக்கியம். ஹோன் கல்லின் பொடி சுவரில் ஒட்டியிருக்கும். அது இருந்தால் புது ரிங் ஆயிரம் கிலோமீட்டரில் கிழமாகிவிடும். கிராங்குக்குள் ஓடும் எண்ணெய் ஓட்டைகளிலும் அதே பொடி இருக்கும். குழந்தைகளின் பால் பாட்டில் கழுவும் சின்ன பிரஷ் இதற்குச் சரியாக இருந்தது.

வால்வுகள் உட்காரும் மேல் மூடியான ஹெட்டின் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒன்று மட்டும் நம் காலத்துக்கானது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வ் உட்காரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம்தான் அதற்கு மெத்தை. ஈயம் போனதும் எக்ஸாஸ்ட் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். ஹெட் எப்படியும் கழன்றிருக்கிறது என்று எக்ஸாஸ்ட் நாலுக்கும் கடினமான சீட் வளையம் போட்டுவிட்டேன். வால்வ் லேப்பிங், அதாவது வால்வையும் அதன் சீட்டையும் தேய்த்துக் கசிவில்லாமல் பொருத்துவது, நானே செய்தது. ரப்பர் கப் குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மத்து கடைவது மாதிரி கடைய வேண்டும். முடிந்ததா என்று பார்க்க ஹெட்டைக் கவிழ்த்து போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து வால்வ் ஓரம் ஈரமாகிறதா என்று பார்த்தேன். ஆறு வால்வ் முதல் தடவையே தேறின. மூன்றையும் ஏழையும் மறுபடி கடைந்தேன்.

இனி கட்டுவது.

அடிப்பகுதியில் முதலில் கிராங்க். ஒவ்வொரு மெயின் கேப்பையும் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மூன்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றினால், பிடித்தால் எது பிடிக்கிறது என்று தெரியாது. பிஸ்டன் ரிங்கின் இடைவெளி பார்ப்பதும் அப்படித்தான், ஒவ்வொன்றாக. ரிங்கை அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி நேராக்கி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். எனக்குப் பத்துத் தௌ பக்கத்தில் வந்தது. இரண்டு ரிங் மட்டும் இறுக்கமாக இருந்தன, அரத்தில் இரண்டு இழுப்பு.

இந்த இன்ஜினில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கூத்து உண்டு. முன்பக்கம் கிராங்குக்குக் கீழே அலுமினியத்தில் ஒரு சின்னக் கட்டை வரும், சம்பின் முன் விளிம்பு அதில்தான் போல்ட் ஆகிறது. அந்தக் கட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒரு சந்து. சந்தை அடைக்க கம்பெனி வைத்திருந்தது மரம். ஆமாம், மர ஆப்பு! ஷெல்லாக் தடவித் தட்டி இறக்கிவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் மட்டமாகச் சீவ வேண்டும். பழைய ஆப்பு கழற்றும்போதே தூளாகிவிட்டது. எங்கள் தெருத் தச்சர் மிச்சத் தேக்கில் இரண்டு சீவிக் கொடுத்தார். தேக்கு என்றதும் எனக்கும் பெருமை. இன்ஜினுக்கே கதவு நிலை வைத்த மாதிரி.

அப்புறம் அந்த வாஷர்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ள, பின் மெயின் பேரிங்குக்கு முன்னால் ஒரு அரைவட்ட வாஷர், பின்னால் ஒன்று. த்ரஸ்ட் வாஷர் என்று பெயர். ஒரு பக்கம் பேரிங் உலோகம், அதில் எண்ணெய் தங்க இரண்டு பள்ளம் வெட்டியிருக்கும். மறுபக்கம் வெறும் இரும்பு. பள்ளம் உள்ள பக்கம் வெளியே, சுற்றுகிற கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். பிளாக்கைப் பார்த்து இருக்கக் கூடாது.

இது எனக்குத் தெரியும். மேனுவலில் படித்திருந்தேன், நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அன்று சனிக்கிழமை இரவு பதினோரு மணி. கரண்ட் போய்விட்டது. தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு வேலை. வாஷர் நழுவாமல் நிற்க கிரீஸ் தடவி ஒட்டுவது வழக்கம். நான் இரண்டு பக்கமும் தாராளமாக அப்பினேன். பள்ளம் கிரீஸுக்கு அடியில் போய்விட்டது. விரலுக்கு இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. 'இப்படித்தான் இருந்தது' என்று ஒட்டிவிட்டேன்.

கிராங்கின் முன்பின் அசைவை அளந்தேன். நாலிலிருந்து எட்டுத் தௌ இருக்கலாம் என்பது கணக்கு. ஆறு வந்தது. நடுவாந்திரமான, அருமையான ஆறு. வாஷர் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் தடிமன் ஒன்றுதான், அளவு சரியாகத்தான் காட்டும் என்று அப்போது தோன்றவில்லை.

மீதி எல்லாம் ஒழுங்காகவே போனது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 42இலிருந்து 46 பவுண்டு-அடிக்குள். வால்வ் இடைவெளி பத்துத் தௌ. எந்த வால்வை எப்போது வைப்பது என்று குழம்ப வேண்டாம்: முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு, எது முழுதாகத் திறந்திருக்கிறதோ அதை ஒன்பதிலிருந்து கழியுங்கள். எட்டு திறந்திருந்தால் ஒன்றாவதை வையுங்கள், ஆறு திறந்திருந்தால் மூன்றாவதை.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுப் போட்டு, ஆயில் பிரஷர் லைட் அணையும்வரை சுற்றினேன். காய்ந்த பேரிங்கில் முதல் வெடிப்பு விழக் கூடாது. அதன் பிறகு பிளக் மாட்டி, கொஞ்சம் பெட்ரோலை சோலெக்ஸ் கார்புரேட்டர் வாயில் விட்டேன். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. இருமியது, எக்ஸாஸ்ட் வழியாக எலிக்கூடு மாதிரி ஏதோ பறந்தது, அப்புறம் ஒரே சீராக ஓடியது. பெரியப்பா எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அம்மாவிடம் காபி கேட்டார்.

புது இன்ஜின் முதல் தடவை ஓடும்போது ஐடிலில் விட்டு ரசிக்கத் தோன்றும். விடாதீர்கள். கேமுக்கும் டாப்பட்டுக்கும் எண்ணெய் தெறித்துதான் போகிறது. மெதுவாக ஓடினால் போதாது. இருபது நிமிடம் 2000 ஆர்பிஎம் சுற்றில் ஓட்டினேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

வண்டி ஓடியது. கேம்ப் ரோடு, மேடவாக்கம், ஒரு நாள் கேளம்பாக்கம் வரை. 380 கிலோமீட்டர் காட்டியபோது கேம்ப் ரோடு சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் பெரியப்பா.

"என்னடா, கிளட்ச் மிதிச்சா சத்தம் மாறுது?"

எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தடவை மிதித்து விட்டுப் பார்த்ததும் கேட்டது. மிதித்தால் இன்ஜின் லேசாக அமுங்கி, கீழேயிருந்து உரசுகிற மாதிரி ஒரு 'கர்'. வீட்டுக்கு வந்ததும் பானெட்டைச் சாய்த்துவிட்டு அவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்தேன். மிதித்தால் புல்லி முன்னால் வருகிறது, விட்டால் போகிறது. கண்ணுக்கே தெரிகிறது. ஆமை தலையை நீட்டுவது மாதிரி. டயல் கேஜ் வைத்தேன். இருபத்து நாலு தௌ.

கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தம் முழுக்க பின்பக்க வாஷர் மேல். நான் போட்ட லட்சணத்தில் சுற்றுகிற கிராங்கின் மேல் வெறும் இரும்பு உரசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் வாஷர் மெலிந்து சம்பில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு கிராங்க் பிளாக்கையே தின்னும். இந்த வரிசை இன்ஜின்களின் பெரிய பலவீனமே இதுதான். வாங்கப் போகும் யாரும் முதலில் இந்தக் கிளட்ச் சோதனையைச் செய்யுங்கள், பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

இன்ஜினை இறக்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். சம்பை எடுத்து, பின் மெயின் கேப்பைக் கழற்றினால் வாஷரை ஐஸ் குச்சியால் தள்ளிச் சுற்றி வெளியே எடுத்துவிடலாம். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பள்ளம் பிளாக் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. இரும்புப் பக்கம் உழுத மாதிரி கோடு.

அன்று இரவு போனை எடுத்து அந்த 640 போட்டோவில் தேடினேன். இருந்தது. பிரித்த இரண்டாவது ஞாயிறு, மதியம், நல்ல வெயிலில் எடுத்தது. பழைய வாஷர், பள்ளம் வெளியே, அதன் மேல் என் ஆள்காட்டி விரல் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் இருந்த நான் எனக்காக விரல் நீட்டிக் காட்டியிருக்கிறேன். கட்டும்போது ஒரு தடவைகூட அந்தப் போட்டோக்களைத் திறக்கவில்லை.

கிராங்கின் முகம் நாலு தௌ போயிருந்தது. மேஸ்திரியிடம் போனில் கேட்டேன். திட்டவில்லை, "எமரியை ஆயிலில் நனைச்சு, நாடா மாதிரி சுத்தி இழு. அஞ்சு தௌ ஓவர்சைஸ் வாஷர் வரும், பின்னாடி அதைப் போடு" என்றார். படுத்தபடியே இரண்டு நாள் இழுத்தேன். கோடு போய் மழுமழுவென்று ஆனது.

இந்த முறை வேலையை மாற்றிக்கொண்டேன். எடுத்த போட்டோக்களில் கட்டுவதற்குத் தேவையான நாற்பதை மட்டும் பிரின்ட் போட்டு, வேலை வரிசையில் சுவரில் ஒட்டினேன். ராத்திரி வேலை கிடையாது. கிரீஸ் ஒட்டும் பக்கம் மட்டும், ஒரு துளி. பெரியப்பா கையில் நோட்டு. அவர் படிப்பார், நான் காரியத்தை முடித்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பின் மெயின். பின்பக்க வாஷர். பள்ளம் வெளியே."

"வெளியே."

"பாத்துட்டுச் சொல்றியா, கேட்டுட்டுச் சொல்றியா?"

எட்டிப் பார்த்தேன். "வெளியே, பெரியப்பா."

டயல் கேஜ் ஐந்து காட்டியது. பதினோரு நாளில் வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்தது.

இப்போது 2,600 கிலோமீட்டர் ஆகிறது. மொத்தச் செலவு, வாஷர் தண்டத்தையும் சேர்த்து, அறுபத்திரண்டாயிரம். அதில் பிஸ்டன், பேரிங், பட்டறை மூன்றும் சேர்ந்து பாதிகூட வராது. மீதி அளவுக் கருவிகளும் டீசலும் ஆட்டோ வாடகையும். 300இலும் 800இலும் ஆயில் மாற்றினேன். 20டபிள்யூ50தான் ஊற்றுகிறேன், டாப்பட்டுக்குத் துத்தநாகக் கலவை இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்து வாங்குகிறேன். புதுத் தலைவலி பெட்ரோல். பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் டயாஃப்ரம் ஊறிப்போய் பெட்ரோல் பம்ப் ஒரு தடவை வேளச்சேரி மேம்பாலத்தில் நின்றுவிட்டது. பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றியபிறகு தொந்தரவில்லை. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன்.

ஒரு சொட்டு மட்டும் நிற்கவில்லை. இரவு நிறுத்தினால் காலையில் முன்பக்கம் எட்டணா அகலத்துக்கு ஆயில். சம்பை இறக்கியபோதே பார்த்தேன், தேக்கு ஆப்புக்குப் பக்கத்தில்தான் கசிவு. தேக்கு அமுங்காது, ஊறி உப்பவும் உப்பாது. சந்துக்குத் தகுந்தபடி நசுங்கிக்கொடுக்கும் மரமாக இருக்க வேண்டும் என்று பிறகு விளங்கியது. பழப்பெட்டி மரத்தில் இரண்டு சீவி, டேபிள் டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த தடவை சம்ப் இறங்கும்போது மாற்ற. அதுவரை கீழே ஒரு அட்டை. பெரியப்பா தினமும் காலையில் பேப்பர் எடுக்க வரும்போது அந்த அட்டையைக் குனிந்து பார்ப்பார்.

"புதுசா எடுத்தப்பவும் இதே இடத்துலதான்டா ஒழுகிச்சு" என்றார் நேற்று.